கூரியரில் வந்த சப்போட்டாக் கன்றுகள்: பணம் கட்டுவதற்கு முன் ஒட்டுக்கட்டைப் பாருங்கள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் பட்டுப்போன மரங்களின் இடங்களை நிரப்புவதற்காக, 2023 ஆகஸ்ட் மாதம், பன்னிரண்டு சப்போட்டா ஒட்டுக்கன்றுகளையும் ஆறு செவ்விளநீர்க் கன்றுகளையும், கூரியரில் அனுப்பித் தரும் ஒரு விற்பனையாளரிடம் கேட்டிருந்தேன். கன்றுகளுக்கு 7,260 ரூபாய், அனுப்பும் செலவுக்கு 900 ரூபாய், ஆக 8,160 ரூபாயையும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். இன்றைய தேதியில் தோப்பில் ஒரு சப்போட்டாகூட இல்லை. செவ்விளநீர் என்று வந்தவையும் வேறு ஏதோ ரகம். இதே மாதிரி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கன்று வாங்க நினைப்பவர்களுக்காக நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் மண் வெறும் மணல். மழைக்காலம் முடிந்து மாசி, பங்குனி வந்தால் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கிவிடும். மாங்கன்று அந்த நீரில் இலையோரம் கருகிப்போகும், சப்போட்டா தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சப்போட்டா வைக்க நினைத்தேன். முகநூலில் வந்த விளம்பரத்தில், முழங்கால் உயரத் தொட்டிச் செடி ஒன்றில் பதினைந்து, இருபது காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன; செப்பு மோதிரம் அணிந்த ஒரு கை அதைத் தூக்கிக் காட்டியது. ‘பிகேஎம் 1, ஒட்டுக்கன்று, ஓராண்டில் காய்ப்பு’ என்று கீழே எழுதியிருந்தார்கள். பிகேஎம் 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த நல்ல ரகம் என்பதால் பெயரைப் பார்த்ததுமே நம்பிவிட்டேன். நல்ல ஒட்டுக்கன்றும் மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் காய்ப்புக்கு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்தப் படம் கண்ணை மறைத்துவிட்டது.

விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அங்கேயேதான் நடந்தது. ரசீது இல்லை, முகவரி இல்லை. பணம் சென்ற யுபிஐ கணக்கும் ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தே நான் விலகியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் நட்டுவிட வேண்டும் என்று புரட்டாசியிலேயே குழி எடுத்து, தொழு உரமும் போட்டு வைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழையை விட்டால் எங்கள் பகுதியில் கன்று வேர்பிடிக்க வேறு காலம் கிடையாது. “நாளைக்குக் கிளம்பிடும் சார்” என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு ஐப்பசி போய், கார்த்திகையும் போய், குழிகள் மழையில் சரிந்து பாதி தூர்ந்த பிறகு, தை மாதத்தில், 2024 ஜனவரி மூன்றாம் வாரத்தில், இராமநாதபுரம் கூரியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் ஊருக்கு வண்டி வராதாம், நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அங்கே போய்ச் சப்போட்டாப் பெட்டியைத் தூக்கிய உடனேயே சந்தேகம் வந்தது. பன்னிரண்டு கன்றுகள் உள்ள பெட்டி ஒரு கையில் தூக்கும் எடையில் இருந்தது.

வீட்டில் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. எடைக்கு ஏற்பக் கூரியர் கூலி என்பதால், வேரிலிருந்த தாய்மண்ணை முழுவதும் கழுவிவிட்டு, கொஞ்சம் தென்னை நார்க்கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் சுற்றி, கருவாட்டை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஏழு நாள் பயணத்தில் இலைகள் எல்லாம் உதிர்ந்து பெட்டியின் அடியில் கறுப்பாகக் கிடந்தன. உடனே தொலைபேசியில் அழைத்தேன். “வேர் உயிரோடதான் சார் இருக்கும். நிழல்ல வச்சு தண்ணி ஊத்துங்க, தளிர்த்திடும்” என்றார் எதிர்முனையில் பேசியவர். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், பெட்டியைத் திறந்தபோது வீடியோ எடுத்தீர்களா என்றார். இல்லை என்றேன். “உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது சார்” என்று வைத்துவிட்டார். வீடியோ எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

இருந்தாலும் நட்டேன். ஒவ்வொரு கன்றுக்கும் பனையோலையால் நிழல் கட்டி, காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். ஏழு கன்றுகள் காய்ந்துவிட்டன. ஐந்து தளிர்த்தன. தளிர்த்த மகிழ்ச்சியில் இரண்டு மாதம் ஓடியது. சித்திரையில் தோப்புப் பக்கம் வந்த என் பெரியப்பா ஒரு கன்றின் அருகே குனிந்து, இலையைக் கிள்ளி விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, காசு குடுத்துப் பாலைக் கன்னையா வாங்கி வச்சிருக்க?” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி. சப்போட்டா இலை நீண்டு, நுனி கூராக முடியும். என் கன்றுகளின் இலைகள் தடித்து, நுனி அகன்று, நடுவில் நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல ஒரு சிறு பிளவுடன் இருந்தன. அது உலக்கைப்பாலையின் இலை. எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் பின்னால் அந்த மரம் யாரும் நடாமலேயே நிற்கிறது. அதன் சின்ன மஞ்சள் பழத்தைப் பொறுக்கித் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

சப்போட்டாவைப் பாலையின் வேர்ச்செடியில்தான் ஒட்டுக் கட்டுவார்கள். இதில் மோசடி ஏதுமில்லை, அதுதான் முறை. பாலை வேர் வறட்சியைத் தாங்கும், அதன் மேல் கட்டிய குச்சி நாம் விரும்பும் ரகத்தின் பழத்தைத் தரும். மேலே கட்டிய குச்சி பட்டுப்போனால் கீழே இருக்கும் பாலை தன்போக்கில் தளிர்க்கும். என் கன்றுகளைத் தண்டோடு தடவிப் பார்த்தபோது, மூன்றில் ஒட்டுக்கட்டின், அதாவது வேர்ச்செடியும் குச்சியும் இணைந்த இடத்தின், வடுவும் அதற்கு மேல் காய்ந்த குச்சியும் இருந்தன. துளிர் வடுவுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தது. மற்ற இரண்டில் வடுவே கிடையாது. அவை ஒட்டுக் கட்டப்படாத வெறும் பாலை நாற்றுகள், சப்போட்டா விலைக்கு விற்கப்பட்டவை. முதல் மூன்றையாவது வழியில் நேர்ந்த சேதம் என்று சொல்லலாம். பின்னதை எப்படிச் சொல்வது?

எனவே ஒட்டுக்கன்று வாங்கும் யாரும், அது மாவோ சப்போட்டாவோ, பணம் கட்டுமுன் தண்டின் அடிப்பகுதியை அருகில் எடுத்த படத்தைக் கேளுங்கள். இரண்டு தண்டுகள் இணைந்த இடம் சற்றுப் புடைத்தோ சாய்ந்தோ தெரிய வேண்டும்; இலைகள் அதற்கு மேலே இருக்க வேண்டும். கன்று கைக்கு வந்த பிறகும், அந்த இடத்துக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

தென்னங்கன்றுகளின் கதை சுருக்கமானது. தென்னையில் ஒட்டு கிடையாது, காய் போட்டு முளைக்க வைப்பதுதான். ஆகவே ரகத்தைக் கன்றிலேயே கணிக்க வேண்டும். செவ்விளநீர்க் குட்டை ரகத்தின் கன்றில் மட்டையின் காம்பு செம்மஞ்சளாக இருக்கும். எனக்கு வந்த ஆறிலும் காம்பு பச்சை. நல்ல கன்று என்றால் ஒன்பது மாதமாவது வளர்ந்து, கழுத்துப் பகுதி பத்து சென்டிமீட்டர் சுற்றளவுக்குத் தடித்து, ஐந்தாறு இலைகளாவது விட்டிருக்க வேண்டும். இவற்றில் மூன்று இலைக்கு மேல் இல்லை. அதைவிட என்னைப் பயமுறுத்தியது இலையின் அடிப்புறம். திருப்பிப் பார்த்தால், வெள்ளை மாவால் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல முட்டைத் தடங்கள். தென்னை இலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட இந்தப் பூச்சி, தொலைதூரம் பரவுவதற்குக் கன்றுப் போக்குவரத்தும் ஒரு காரணம். அந்த ஆறு கன்றுகளையும் தோப்புக்குள் கொண்டுபோகாமல் வேலிக்கு வெளியிலேயே எரித்தேன். 2,700 ரூபாயை எரித்தேன் என்றும் சொல்லலாம்.

வாங்குவதற்கு முன் அந்த விற்பனையாளரின் பக்கத்தில் இருந்த கருத்துகளைப் படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானோர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். இப்போது மறுபடி படித்தால், அநேகமாக எல்லாமே பெட்டி வந்த அன்று எழுதியவை: ‘பச்சைப்பசேல் என்று வந்தது, நன்றி’. சட்டை வாங்கினால் அன்றே குறை தெரியும். மரக்கன்றில் என்ன ரகம் என்பதே காய்த்த பிறகுதான் பலருக்குத் தெரியும். அதற்குள் அந்தக் கைபேசி எண்ணும் மாறியிருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் விற்றவரின் பெயர், முகவரி என்று கேட்டபோது என்னிடம் கைபேசி எண்ணைத் தவிர எதுவும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்பவர் தம் பெயரையும் முகவரியையும் வெளிப்படையாகத் தர வேண்டும். சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. விற்பவரின் குறைதீர்க்கும் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்றவர் எந்த ஊராயிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. இத்தனையும் பயன்பட வேண்டுமானால், எதிர்மனுதாரர் என்று எழுத ஒரு பெயரும் முகவரியும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வாங்கியதால் அதை நானே தொலைத்திருந்தேன். நான் புகார் செய்தது தெரிந்தபின், ஆறு சப்போட்டாக் கன்றுகளை இலவசமாகத் தருவதாகவும் அனுப்பும் கூலி 1,200 ரூபாயை மட்டும் கட்டும்படியும் செய்தி வந்தது. கட்டவில்லை.

கூரியரில் கன்று அனுப்புவோர் எல்லோரும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். கீழக்கரையில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு வந்த எலுமிச்சைக் கன்றுகளை நேரில் பார்த்தேன்: வேரோடு மண் உருண்டை, அதைச் சுற்றிச் சாக்கு, பெட்டியில் காற்றுத் துளைகள், உள்ளே முத்திரையிட்ட ரசீது. விலை கூடுதல்தான். எனக்கு இனி அதற்கும் பொறுமையில்லை. ஓரியூர் அரசு தோட்டக்கலைப் பண்ணைக்குப் போய், கன்றைக் கையில் எடுத்து, இலையைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். பாலைக் கன்றுகள் ஐந்தையும் பிடுங்கவில்லை. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் கிடைத்தால் அவற்றின் மேலேயே சப்போட்டாவைக் கட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

போன வாரம் அதே விளம்பரம் வேறொரு பெயரில் என் கண்ணில் பட்டது. அதே தொட்டி, அதே காய்கள், அதே செப்பு மோதிரக் கை. இந்த முறை ‘பிகேஎம் 1’ என்பதற்குப் பதிலாக ‘தாய்லாந்து சப்போட்டா’. ஒட்டுக்கட்டின் படம் அனுப்ப முடியுமா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பத்து நிமிடத்தில் என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.