எடிட்டிங் சிஸ்டம் அசெம்பிள் செய்யக் கொடுத்தவர்கள் கவனத்துக்கு: மாடல் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் யாராவது புது சிஸ்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால், மீதிப் பணத்தைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கடைக்காரருக்கு முழு மாடல் எண்ணோடு பட்டியல் அனுப்பினேன். "ஓகே அண்ணே, எல்லாம் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் பதிலும் வந்தது. பிராசஸர் ஐ7-12700 கேட்டதற்கு வந்தது ஐ7-12700எஃப். கிராபிக்ஸ் கார்டு 12 ஜிபி மெமரியோடு ஆர்டிஎக்ஸ் 3060 கேட்டதற்கு வந்தது அதே பெயரில் 8 ஜிபி. எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) கதை தனி. புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை, இன்பாக்ஸிலும் கேட்க வேண்டாம்.

அந்த ஒரு எழுத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். நம்ம ஊர் வீட்டுக் கல்யாணம் எடுத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வளவின் (தூண்கள் சூழ்ந்த உள்கட்டு) நடுவில் வானம் பார்த்த இடத்தில் உச்சி வெயில் கொட்டும், சுற்றுப் பத்தியில் பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் அரை இருட்டு. மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தால் முகம் வெளுக்கும், பின்னால் போனால் கறுக்கும். இதைக் கலர் கரெக்‌ஷனில் மீட்க நிற விவரம் குறைவான 8 பிட் புட்டேஜ் போதாது. அதனால் நான் சோனி கேமராவில் எஸ்-லாக் (வெளிச்சம், இருட்டு இரண்டின் விவரத்தையும் காப்பாற்றும் முறை) போட்டு, 10 பிட் 4:2:2இல் (நிற விவரம் அதிகம் வைத்திருக்கும் பதிவு), எக்ஸ்ஏவிசி எச்எஸ் ஃபார்மேட்டில் எடுக்கிறேன். அது எச்.265, அதாவது வீடியோவை நன்றாகச் சுருக்கி வைக்கும் முறை. கார்டில் இடம் குறைவாகத்தான் பிடிக்கும், ஆனால் டைம்லைனில் போட்டால் சிஸ்டத்தின் கழுத்தைப் பிடிக்கும்.

அந்த ஃபைல் திக்காமல் ஓட வேண்டுமானால், அதைப் பிரித்துப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி சிப்புக்குள் இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் எதிலும் 4:2:2க்கு அந்த வசதி கிடையாது. 3060 ஆனாலும் லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கிய 4090 ஆனாலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களிலோ 11ஆம் தலைமுறையிலிருந்தே உள் கிராபிக்ஸில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி) எச்.265 4:2:2க்கு அது இருக்கிறது. குவிக் சிங்க் என்று சொல்வது அதைத்தான். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல, எச்.264 எக்ஸ்போர்ட்டுக்கு நாம் எத்தனையோ வருஷமாக நம்பியிருப்பது அதைத்தானே.

எஃப் என்று முடியும் பிராசஸரில் அந்த உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. மற்றபடி 12 கோர், 20 த்ரெட், வேகம் எல்லாமே ஒன்று. இன்டெல்லின் பட்டியல் விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் 25 டாலர்தான். கேம் விளையாடுகிற பையனுக்கு எஃப் வாங்குவது புத்திசாலித்தனம். நான் 12700ஐத் தேர்ந்தெடுத்ததே உள்ளே இருக்கும் அந்த கிராபிக்ஸுக்காக. கையில் 32 ஜிபி டிடிஆர்4 ராம் இருந்தது, அது பொருந்தும் பி660 போர்டும் கிடைத்தது, 12ஆம் தலைமுறை விலையும் இறங்கியிருந்தது. எல்லாம் யோசித்துப் போட்ட பட்டியல்.

சிஸ்டம் வந்து முதல் கல்யாணத்தை டைம்லைனில் போட்டதுமே சந்தேகம். மூன்று கேமராவையும் ஒன்றாக ஓட்டும் மல்டிகேமில் படம் நின்று நின்று ஓடியது, பிராசஸர் நூறு சதவீதத்தைத் தொட்டது, கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு விஷயம் இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். தனிக் கார்டு மாட்டினால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) போய் அதை இயக்கிவிட்டால் சரியாகிவிடும். அதனால் கடைக்காரரைத் திட்டும் முன் பயாஸைத்தான் பார்த்தேன். அங்கே அப்படி ஒரு தேர்வே இல்லை. அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால், மேல் மூலையில் பிராசஸரின் முழுப் பெயர், கடைசியில் எஃப்.

போன் செய்தேன். "அண்ணே, இப்பல்லாம் எஃப் தாண்ணே ஓடுது. கார்டு தனியா போட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்கு உள்ள வேற ஒண்ணு?" என்றார். பந்தியில் கவுனி அரிசி இனிப்பு வைத்தாயிற்று, சோறு எதற்கு என்று கேட்பது போலிருந்தது. "நான் எழுதிக் கொடுத்தது எஃப் இல்லாததுதானே?" என்றேன். "ரெண்டும் ஒரே ஐ7 தாண்ணே, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்று வைத்துவிட்டார். இந்தப் பதிலைச் சொன்னவர் விஷயம் தெரியாதவர் அல்ல. எடிட்டிங்குக்குத்தான் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே அரை மணி நேரம் பேசியிருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் மற்றதையும் பார்த்தேன். கேபினட் திருகின் மேல் "பிரித்தால் வாரண்டி கிடையாது" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். செல்போனில் வீடியோ ஓடவிட்டுக்கொண்டே அதைக் கிழித்தேன்.

கார்டு சமாச்சாரம் இன்னும் நுணுக்கமானது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2021இல் வந்தது 12 ஜிபி, 192 பிட் பஸ் (மெமரிக்குப் போய்வரும் பாதையின் அகலம்). அடுத்த வருஷக் கடைசியில் என்விடியாவே 8 ஜிபி, 128 பிட் என்று ஒன்றை அதே பெயரில் இறக்கியது. மெமரி வேகம் விநாடிக்கு 360 ஜிபியிலிருந்து 240க்கு விழுந்துவிட்டது. ஆக, கடைக்காரர் எனக்குக் கொடுத்தது போலிக் கார்டு அல்ல, அசல் 3060தான்! இப்படிப் பெயர் வைத்த நிறுவனத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் 12 ஜிபி என்று நான் எழுதியதை 8 ஆக்கியது அவர்கள் அல்ல. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்தால் ஒரே திரையில் இரண்டு எண்ணும் தெரியும்: மெமரி 12288 எம்பி, பஸ் 192 பிட் இருக்க வேண்டும். எனக்கு 8192, 128. ராத்திரி பெண் அழைப்பில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்ததற்கு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில், புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டவுடன் ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்ததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

எஸ்எம்பிஎஸ்: 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தரச் சான்று) கேட்டிருந்தேன். வந்ததில் 650 என்று பெரிதாக அச்சடித்திருந்தது, 80 பிளஸ் முத்திரை எங்குமே இல்லை. இந்தப் பிராசஸர் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும், கார்டு 170. கிராமத்து வோல்டேஜும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்கி மாட்டினேன். போர்டும் எஸ்எஸ்டியும் சொன்னபடியே இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பில்லில் "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1" என்று ஒரே வரி. ஜிஎஸ்டி 18 சதவீதம் சுத்தமாகப் போட்டிருக்கும், பார்க்க நேர்மையான பில். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அதில் சாட்சியே கிடையாது. பெட்டிகளைக் கேட்டால் "வாரண்டிக்கு எங்ககிட்டயே இருக்கட்டும்ணே, நீங்க தொலைச்சிருவீங்க" என்று அக்கறையாகச் சொல்வார்கள். பெட்டி கைக்கு வந்தால் மாடலும் சீரியல் எண்ணும் தெரிந்துவிடுமே. பெட்டியில்லாத டிரே பிராசஸராக இருந்தால் இன்டெல்லின் மூன்று வருஷ வாரண்டியும் நமக்கு நேரடியாகக் கிடைக்காது, கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. மூன்றாவது அந்த ஸ்டிக்கர்.

அதனால் பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக, முழு மாடல் பெயரோடும் சீரியல் எண்ணோடும் வர வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம், திருச்சியிலும் மதுரையிலும் கடைகள் இருக்கின்றன, ஆன்லைனில் பாகமாக வாங்கி ஊரில் கூலி கொடுத்து மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். சீல் உடைப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். மீதிப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே டாஸ்க் மேனேஜர், ஜிபியு-இசட் இரண்டையும் திறக்கச் சொல்லி போட்டோ எடுங்கள். எஸ்எஸ்டி பழசா என்று பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போதும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டிவிடும். முக்கியமாக, உங்கள் கேமராவில் எடுத்த புட்டேஜையே ஒரு பென்டிரைவில் கொண்டு போய் அங்கே ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பெஞ்ச்மார்க் எண்கள் நம் வேலைக்கு ஒன்றும் சொல்லாது.

ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வாங்குகிறவர்களுக்கு எஃப் பிரச்சினை அவ்வளவு பெரிதல்ல, 4:2:2ஐ அந்தக் கார்டே பிரித்துக்கொள்ளும். பட்ஜெட் அங்கே எட்டாதவர்களுக்குத்தான் நான் சொல்வது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். கடைக்காரருக்குத் தகவல் போனதும் பேச்சு மாறியது. வித்தியாசத் தொகை எதுவும் வாங்காமல் பிராசஸரை மாற்றிக் கொடுத்தார், இப்போது அதே புட்டேஜ் பிராக்ஸி (எடிட்டுக்காகச் செய்யும் லேசான நகல்) இல்லாமலே ஓடுகிறது. கார்டை மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறார். "தொழிலுக்கு வாங்குன பொருளுக்கு நீங்க கன்ஸ்யூமரே கிடையாதுண்ணே" என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை என்னிடம் சொன்னார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று விளக்கம் இருக்கிறது. வீட்டு மாடியில் உட்கார்ந்து தானே எடிட் செய்கிறவருக்கு இது பொருந்தும். கடை வெளியூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நமக்கு சிவகங்கை மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பட்டியல், அவர் சொன்ன ஓகே, பில், திருகு கழற்றிய வீடியோ, ஜிபியு-இசட் படம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கார்டுக்கான மனுவோடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் இதே மாதிரி ஒரு வரி பில் இருந்தால், முதல் வேலையாக அந்த வாட்ஸ்அப் உரையாடலை வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். என் சாட்டில் கடைக்காரர் தன் பதில்களில் சிலதை ஏற்கெனவே அழித்துவிட்டார்.