வெள்ள நிவாரணத்துக்குப் படம் கேட்டு வருவார்கள்: கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையின் தென்பகுதியில் இருக்கும் ஒரு தனியார் ஓவியக் கூடம் (கேலரி) என்னையும், என்னை நம்பி வந்த ஒரு மாணவனையும், எங்கள் படங்களை வாங்கியவர்களையும் ஏமாற்றியது. வழக்கறிஞர் சொன்னதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதே அழைப்பு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது அடையாளம் தெரிந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது நினைவிருக்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப்போயின. என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் பழகிய பையன் ஒருவன் அந்தப் பக்கத்துக்காரன். பிறகு அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தான். பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் பதிக்கும் மரச்செதுக்கு அச்சு அவனுக்கு இயல்பாக வரும். அப்பாவின் வலையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த கையோடுதான் அந்த மாதம் முழுவதும் பலகை செதுக்கினான்.

ஜனவரியில் அந்தக் கூடத்துக்காரர் வீடு தேடி வந்தார். நல்ல பேச்சுக்காரர். “அக்கா, எண்ணூர் மக்களுக்காக ஒரு கண்காட்சி. விற்கிற விலையில் பாதி நிவாரணத்துக்கு, இருபது சதவீதம் ஓவியருக்கு, மீதி முப்பது கூடத்தின் செலவுக்கு” என்றார். சாதாரணக் கண்காட்சியிலேயே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடத்துக்குப் போய்விடும். அதனால் முப்பது எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டியது வேறொன்று. வந்தவர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையைச் சொன்னார். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றுவது) செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய கதை. அதைக் கேட்டால் எங்கள் தலைமுறைக்குக் கண் கலங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் கலங்கியது. அந்தக் கதையில் ஓவியர்களே உழைத்து, ஓவியர்களே சேர்த்து, ஓவியர்களே நிலம் வாங்கினார்கள், நடுவில் கணக்கு எழுத இன்னொருவர் இல்லை என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

மூன்று அக்ரிலிக் படங்கள் கொடுத்தேன். நான்கடிக்கு மூன்றடியில் ஒன்று, விலை 90,000 ரூபாய். சிறியவை இரண்டு, தலா 35,000. என் மாணவனும் கொடுக்கட்டும் என்று நானே சொன்னேன். பத்துப் பிரதி போட்ட ஓர் அச்சில் நான்கை எடுத்துக்கொண்டு வந்தான். வேனில் வந்த ஆள் எல்லாவற்றையும் பபிள் ராப்பில் சுற்றி எடுத்துப்போனான். ஒப்படைப்புச் சீட்டு கேட்டேன். “அக்கா, நமக்குள் சீட்டா? வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்புங்கள், போதும்” என்றார். என் படங்களை அனுப்பினேன். பையன் தன்னுடையதை அனுப்பவில்லை. டீச்சரே கொடுத்த இடத்தில் தான் எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்று இருந்துவிட்டான்.

தொடக்க விழா பிரமாதம். குத்துவிளக்கு, பொன்னாடை, முந்திரி பக்கோடா, எண்ணூர்ச் சிறுவர்கள் நான்கு பேரை மேடையேற்றிப் படம் பிடித்தல். முதல் நாள் மாலையே பதினான்கு படங்களுக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. என் பெரிய படத்துக்கும் ஒட்டியிருந்தது. பொட்டு ஒட்டினால் விற்றுவிட்டது என்று பொருள். ஆனால் அதை ஒட்டுவது கூடத்துக்காரர் கை. வாங்குகிறவர் தயங்கி நிற்கும்போது பக்கத்துப் படங்களில் நாலு பொட்டு இருந்தால் பர்ஸ் தானாகத் திறக்கும் என்று இந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவர் ஒருவர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச்சில் கேட்டேன், கணக்கு முடியவில்லை. மே மாதம் கேட்டேன், ஆடிட்டர் ஊரில் இல்லை. ஆகஸ்டில் கேட்டபோது குரல் மாறியது. “அக்கா, இது சேவை. நீங்களே இப்படிக் காசு காசு என்று கேட்டால் வெளியே என்ன நினைப்பார்கள்?” அந்த ஒரு வாக்கியத்தில் நான் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டேன். சீட்டு வாங்காததைவிட எனக்கு இப்போது அதிகம் வெட்கமாக இருப்பது அந்த நாலு மாதம்தான். பத்தாயிரமோ இருபதாயிரமோ அல்ல அவர்களுடைய மூலதனம். நிவாரணம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வரும் கூச்சம்தான்.

மூடிய வாயைத் திறக்க வைத்தது ஒரு காலண்டர். 2025 ஜனவரியில் என் நாத்தனார் வீட்டுச் சுவரில், ஏதோ ஒரு கம்பெனி கொடுத்த காலண்டரில், ஜூன் மாதத்துக்கு என் சிறிய படம் ஒன்று தொங்கியது. கீழே வலது ஓரத்தில் இருந்த என் கையெழுத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். படங்களைப் பயன்படுத்தக் கூடத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ‘நிவாரணத்துக்கு’ என்றே கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியும் ஏமாந்த கூட்டத்தில் ஒன்று.

இங்கே ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தை விற்றாலும் அதைப் பிரதி எடுக்கும் உரிமை கூடவே போய்விடுவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை மாற்றிக் கொடுக்க ஓவியர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். (ஒருவர் காசு கொடுத்து “எனக்கு இதை வரைந்து கொடுங்கள்” என்று கேட்டு வரைந்த படம் மட்டும் வேறு கதை, அங்கே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை கேட்டவருக்கே போகும்.) அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் காக்கிறது. என் படமோ விற்கவே இல்லை என்று எனக்குச் சொல்லப்பட்ட படம். விற்காத படத்தின் நகல் ஊரெல்லாம் தொங்குகிறது.

பிறகு பெரிய படம் யாரிடம் போனது என்று தேடினேன். தேட வேண்டியிருந்தது என்பதே அவமானம். வாங்கியவர் பெயரைக் கூடத்துக்காரர்கள் ஓவியருக்குச் சொல்வதில்லை, நேரடியாகப் பேசிவிடுவோம் என்ற பயம். விழாவுக்கு வந்திருந்த ஒருவர் வழியாக அடையாறில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் படம் அவருடைய சாப்பாட்டு அறையில் நல்ல வெளிச்சத்தில் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் கோபமே போய்விட்டது. அவரிடமிருந்த காகிதங்களைப் பார்த்தவுடன் திரும்பி வந்தது.

அவர் கொடுத்தது 1,40,000 ரூபாய். என்னிடம் சொன்ன விலை 90,000. அவரிடம் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று 70,000 ரூபாய்க்கு ஓவியத்தின் பில், அதில் ஜி.எஸ்.டி. எண் கிடையாது. மற்றொன்று 70,000 ரூபாய்க்கு ‘நன்கொடை ரசீது’, கூடத்தின் லெட்டர்ஹெட்டில், ஒரு அறக்கட்டளையின் 80ஜி எண்ணை (நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரி விலக்கு வாங்கித் தரும் பதிவு எண்) அச்சடித்து. மருத்துவர் அதை வருமான வரிக்குக் காட்டப் போயிருக்கிறார். ஆடிட்டர் இரண்டே கேள்வி கேட்டிருக்கிறார். அறக்கட்டளை வங்கிக் கணக்கில் பணம் போனதா? படிவம் 10பிஇ எங்கே? 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி விலக்குக்குரிய நன்கொடை வாங்கும் அமைப்பு அந்தச் சான்றிதழை நன்கொடையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கே கிடையாது. அது மட்டுமா, படத்துக்கு விலையாகக் கொடுத்த பணம் நன்கொடை ஆகாது என்றும் சொல்லிவிட்டார் ஆடிட்டர். ஓவியர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: படத்தையே தானமாகக் கொடுத்தாலும் நமக்கு 80ஜி கிடையாது, அது பணத்துக்கு மட்டும்தான். “உங்களுக்கும் வரிச்சலுகை உண்டு அக்கா” என்று கூடத்துக்காரர் சொன்னதும் பொய்.

அந்த அறக்கட்டளை உண்மையானதுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மாலைநேர வகுப்பு நடத்தும் சின்ன இடம். போய்ப் பார்த்தேன். அறுபது மூட்டை அரிசி, மூட்டைக்கு ஐந்து கிலோ. கொஞ்சம் போர்வை. கொடுக்கும்போது எடுத்த புகைப்படங்கள். அவ்வளவுதான் வந்தது, பணம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ‘பேனரில் போட வேண்டும்’ என்று பதிவுச் சான்றிதழின் நகலை வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கள் எண்ணையா போட்டிருக்கிறார்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வருமான வரித்துறைக்கு விளக்கம் சொல்ல வேண்டிவந்தால் அவர்தான் போய் நிற்க வேண்டும். எண்ணூரில் என் மாணவன் தெருவுக்கு அந்த அரிசியும் போகவில்லை.

இனி அவன் விஷயம். நான்கு அச்சுகளில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. “தம்பி, நீ கொடுத்ததே ஒன்றுதானே” என்றார்கள். சீட்டு இல்லை, புகைப்படம் இல்லை, இருபத்தோரு வயதுப் பையன். ஆனால் அச்சுக் கலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பிரதியின் கீழும் பென்சிலால் எண் போடுவார்கள். அவன் கொடுத்தவை பத்தில் மூன்று முதல் ஆறு வரை. வந்தது 3/10. அந்தக் கூடம் இருக்கும் அதே சாலையில் ஒரு காபிக் கடையில் ஒருநாள் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தவன் எனக்குப் போட்டோ அனுப்பினான். சுவரில் 4/10. ஃபிரேமின் பின்புறம் அந்தக் கூடத்தின் ஸ்டிக்கர், விலை 12,000. வீட்டில் வலைக்கு இல்லாத காசு.

என் மற்றொரு சிறிய படம் திரும்பி வந்த கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். துணியை இழுத்து அடித்திருந்த மரக்கட்டையிலிருந்து கழற்றி, வண்ணம் உள்பக்கமாக வரும்படி சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினார்கள். வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாயில் சுற்ற வேண்டும் என்பது முதல் வருட மாணவனுக்குத் தெரியும். குறுக்கே ஏழு விரிசல், ஓரத்தில் பூஞ்சை. ஓவியக் கூடம் நடத்துகிறார்களாம்.

வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பத்தாம் நாள் என் கணக்கில் 18,000 ரூபாய் வந்தது. 90,000-க்கு இருபது சதவீதம். 1,40,000-க்குக் கணக்குப் போட்டால் 28,000. காலண்டர் பற்றி மூச்சில்லை. நிவாரணத்துக்குப் போக வேண்டிய பாதி பற்றியும் மூச்சில்லை. மீதிக்கு வழக்குப் போடலாம் என்கிறார் வழக்கறிஞர். ஆனால் அவர் முதலில் கேட்டதே, “ஒப்படைத்ததற்கு என்னம்மா காகிதம் இருக்கிறது?” என்பதுதான். என் வாட்ஸ்அப் படங்கள் என்னைக் கொஞ்சம் காப்பாற்றின. பையனைப் பென்சில் எண்தான் காப்பாற்றும் போலிருக்கிறது.

இப்போது நான் செய்வது இது. படத்தின் பெயர், அளவு, ஊடகம், விலை, எத்தனை நாளைக்கு, விற்றால் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, நகல் எடுக்க அனுமதி இல்லை என்று ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்காமல் படம் வாசலைத் தாண்டுவதில்லை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று புகைப்படம். நிவாரணம் என்றால் ஒன்று கூடுதல்: வாங்குபவர் நிவாரணப் பங்கை நேரே அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், கூடத்தின் கை வழியாகப் போகக்கூடாது. அறக்கட்டளையை நானே போனில் கூப்பிட்டுக் கேட்கிறேன். இதைச் சொன்னவுடன் முகம் சுளித்தவர்கள் இதுவரை இரண்டு பேர். இரண்டு பேருக்கும் படம் கொடுக்கவில்லை. முகம் சுளிக்காமல் “இதோ எங்கள் படிவம்” என்று தாங்களே நீட்டிய கூடமும் ஒன்று இருக்கிறது. அதனால் எல்லாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வாங்குகிறவர்களே, பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஓவியருக்கு ஒரு வரி எழுதி, “உங்கள் படம் என்னிடம் இருக்கிறது, இத்தனை கொடுத்தேன்” என்று சொல்லுங்கள். மருத்துவர் முதல் மாதமே அப்படி எழுதியிருந்தால் இந்தக் கதை பாதியிலேயே நின்றிருக்கும்.

போன வாரத்திலிருந்து புதிய பெயரில் ஒரு நிவாரணக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் சுற்றுகிறது. அமைப்பின் பெயர் புதிது, போன் எண் பழையது. கடந்த முறை பங்கேற்ற ஓவியர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் மேலிருந்து மூன்றாவதாக என் பெயர் இருக்கிறது. என்னைக் கேட்டுப் போடவில்லை. அந்தப் பெயரைப் பார்த்து யாரும் படம் கொடுத்துவிட வேண்டாம். பையனுடைய அச்சில் 5/10, 6/10 இரண்டும் எங்கேயாவது சுவரில் கண்ணில் பட்டால் மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். கறுத்த வலையும், அதன் நடுவில் வெள்ளையாக ஒரு கையும் இருக்கும்.