124 வெள்ளி வாடகை: பிபிஆர் வீட்டில் 6 வருடம்

பிபிஆர், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு மலேசிய அரசாங்கம் கொடுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று என் தங்கச்சியிலிருந்து கோயிலில் பார்க்கும் அக்காமார் வரை எல்லாரும் கேட்கிறார்கள். 6 வருடமாகக் குடியிருப்பவள் என்ற முறையில் உள்ளதை எழுதுகிறேன். எங்கள் பிளாட் கோலாலம்பூரில் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

முதலில் வாடகை. மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்). செந்தூலில் முன்பு இருந்த வீட்டுக்கு 900 வெள்ளி கட்டினோம், இரண்டே அறை, அதையும் ஏற்றப்போவதாக வீட்டு முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். கணவர் லாரி ஓட்டுகிறார், நான் பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறேன், மாதம் 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்காது. இங்கே வந்த பிறகு மாதா மாதம் 776 வெள்ளி மிச்சம் என்றால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் பார்க்கும் பெண்களுக்குப் புரியும். ஒரே வருடத்தில் அடகுக்கடையில் கிடந்த என் தாலிக்கொடியை மீட்டோம், அப்புறம்தான் மகளை டியூஷனில் சேர்த்தோம்.

சில நாடுகளில் வெளியே எடுக்கும் வீட்டு வாடகைக்கே அரசாங்கம் பணம் கொடுக்குமாம். பிபிஆர் அப்படியில்லை, குறைந்த வாடகைக்கு வீட்டையே கொடுக்கிறார்கள், நீங்கள் அங்கேதான் இருக்க வேண்டும், உள்வாடகைக்கு விடக்கூடாது. புறம்போக்கில் இருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுக்கத் தொடங்கிய திட்டம் இது, அதனால் பழைய கம்பத்து (குடியிருப்பு) ஆட்கள் பலர் இன்னும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள்.

வீடு நல்ல வீடுதான். ஏறக்குறைய 700 சதுர அடி, 3 அறை, 2 குளியலறை, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கவும் காயப்போடவும் இடம். 5 பேருக்குப் போதும்.

லிஃப்ட்தான் பிரச்சினை. நாங்கள் 14ஆவது மாடி. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் பிளாக்கில் எல்லா லிஃப்ட்டும் நின்றுவிட்டது. முழங்கால் வலியோடு கிளினிக்குக்குப் போய் வந்த மாமியார் ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து எழுந்து வந்தார், 9ஆவது மாடிக்கு மேல் முடியவில்லை, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மறக்கமாட்டேன். ஆனால் புகார் கொடுத்து எத்தனையோ நாள் கழித்துத்தான் ஆள் வந்தார்கள் என்பதையும் மறக்கமாட்டேன். குறைந்த வாடகை கட்டுகிறவர்களுக்குக் கால் வலிக்காதா?

மேலிருந்து பொருளை வீசுவது இன்னொரு கொடுமை. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் பிபிஆர் ஒன்றில், அம்மாவோடு கடைக்குப் போய்த் திரும்பிய 15 வயதுத் தமிழ்ப் பையன் மேலேயிருந்து விழுந்த நாற்காலி பட்டு இறந்தான். அதிலிருந்து என் பிள்ளைகளைக் கூரைக்கு அடியிலேயே நடக்கச் சொல்கிறேன்.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு: சம்பளச் சீட்டு, மைகார்டு (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் வையுங்கள். ஒரே ஒரு நகல் குறைந்ததற்கு அரைநாள் சம்பளம் போய் மறுபடி வரிசையில் நின்றேன். நாங்கள் 3 வருடம் காத்திருந்தோம், நடுவில் போன் நம்பர் மாற்றினால் உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். வீடு கிடைத்த பிறகு, 124 வெள்ளிதானே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அப்படி விட்ட எங்கள் மாடிக் குடும்பம் ஒன்றுக்குப் பாக்கி சேர்ந்து வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது.

வருமானம் வரம்புக்குள் இருந்தால் கட்டாயம் போடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் டாக்டர் கடிதத்தையும் சேர்த்துக் கீழ்மாடி வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. மாமியார் இப்போது கோயிலுக்குக் கிளம்பும் முன், லிஃப்ட் ஓடுகிறதா என்று பேரனை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் சேலை கட்டுகிறார்.