எக்ஸ்குவெரியில் இணைய முகப்பு: நண்பரின் கேள்விக்குப் பதில்

தன் கட்டுரைத் தொகுப்புக்கு இணையதளம் கட்டப்போகும் நண்பர் ஒருவர், எக்ஸ்எம்எல் (தரவை டேகுகளால் குறியிட்டு வைக்கும் வடிவம்) தரவுத்தளத்தையும் அதைத் தேடும் எக்ஸ்குவெரி மொழியையும் கொண்டே முகப்பையும் கட்டிவிடலாமா என்று கேட்டார். பல ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்கிறேன். முதலில் எக்சிஸ்ட்-டிபி, பிறகு பேஸ்எக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளங்களில். ஆனாலும் உடனே "ஆம்" என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் நேம்ஸ்பேஸ்: ஒரே பெயருள்ள டேகுகள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டும் அடையாளம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம் அல்ல. எக்ஸ்குவெரியில் ஒரு பங்ஷன் எழுத்துச்சரத்தை ஒட்டித் தருவதில்லை. முழு எலிமென்ட்டையே, அதாவது டேகை அதன் உள்ளடக்கத்தோடும் மூடலோடும், தருகிறது. தலைப்பகுதி ஒரு பங்ஷன், பக்கப்பட்டை ஒரு பங்ஷன், கட்டுரை அட்டை ஒரு பங்ஷன். அவற்றை மாட்யூல்களாக, அதாவது தனித்தனி நிரல் கோப்புகளாக, பிரித்து வைத்தால் எந்தப் பக்கத்திலும் செருகலாம். மூடாத டேக் ஒன்று இருந்தால்கூட நிரல் ஓடாது. 2014-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பங்ஷனையே இன்னொரு பங்ஷனுக்குக் கொடுக்கலாம் என்பதால், பக்கத்தின் சட்டகத்தை ஒரே இடத்தில் எழுதி உள்ளடக்கத்தை வெளியிலிருந்து அனுப்ப முடிகிறது. பங்ஷன்களை இணைய முகவரிகளோடு இணைக்கும் ரெஸ்ட்எக்ஸ்கியூ வழியாக, பங்ஷனின் தலையில் ஒரு குறிப்பு எழுதினால் அதுவே இணைய முகவரியாகிவிடும். தனி டெம்ப்ளேட் மொழி வேண்டாம், நடுவில் தரவை மாற்றும் அடுக்கும் வேண்டாம். இந்தச் சுகத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இனி நேம்ஸ்பேஸ். பக்கத்தின் வெளி எலிமென்ட்டில் எக்ஸ்எச்டிஎம்எல் (எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதும் எச்டிஎம்எல்) நேம்ஸ்பேஸை இயல்பானதாக, அதாவது முன்னொட்டு இல்லாத பெயர்களுக்கெல்லாம் பொருந்துவதாக, அறிவிக்கிறோம். அதற்குள் சுருள் அடைப்பு போட்டு, ஆவணத்திலிருந்து தலைப்பை எடுக்கும் பாதையை (டேகின் பெயரால் தேடும் கோவையை) எழுதுகிறோம். வெளியே எழுதிய அந்த அறிவிப்பு உள்ளே இருக்கும் பாதையையும் பிடித்துக்கொள்கிறது! எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாத நம் தலைப்பைத் தேடாமல், எக்ஸ்எச்டிஎம்எல் தலைப்பைத் தேடுகிறது. கிடைக்காது. கிடைக்கவில்லை என்பது பிழையும் அல்ல. வெற்று வரிசை ஒன்று வரும், அவ்வளவுதான். பக்கம் வெறுமையாக நிற்கும், பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. எழுதும் டேகுக்கும் தேடும் டேகுக்கும் ஒரே இயல்பு நேம்ஸ்பேஸ் என்ற இந்த விதி 2007-இன் 1.0 பதிப்பிலேயே இருந்தது, 2017-இன் 3.1-இலும் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், தரவும் பக்கமும் ஒரே மொழியில் கலப்பதற்கு ஏதாவது ஒரு விதி தேவைதான். ஆனால் சத்தமே இல்லாமல் தோற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எச்டிஎம்எல் பக்கங்களில் நேம்ஸ்பேஸையே விட்டுவிட்டு, வெளியீட்டு முறையை எச்டிஎம்எல் என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். (எக்ஸ்எம்எல் முறையில் வெளியிட்டால், காலியான ஸ்கிரிப்ட் டேக் தன்னைத்தானே மூடிக்கொள்ளும், உலாவி அதைத் திறந்த டேகாக எடுத்துப் பக்கத்தின் மீதியை விழுங்கிவிடும். எனவே இந்த மாற்றம் எப்படியும் தேவை.) நிம்மதி வரைபடம் போடும்வரைதான். எஸ்விஜி என்ற வரைபட வடிவத்தைத் தனிக் கோப்பாகத் தரும்போது நேம்ஸ்பேஸ் கட்டாயம். அதற்குள் எழுதும் பாதை மறுபடியும் வெறுங்கையோடு திரும்பும்.

அறிவிப்பின் பிடி, அது எழுதப்பட்ட எலிமென்ட்டின் எல்லைக்குள் மட்டுமே. அங்கிருந்து அழைக்கப்படும் வேறு மாட்யூலின் பங்ஷனை அது தொடாது. ஆகவே தரவை எடுக்கும் பாதைகள் எல்லாம் ஒரு மாட்யூலில், டேக் எழுதும் பங்ஷன்கள் இன்னொன்றில். டேகுக்குள் பாதையே எழுதக் கூடாது. மதிப்பை முன்பே மாறியில் எடுத்துக்கொண்டு, அந்த மாறியை மட்டும் உள்ளே வைக்க வேண்டும். என் தளங்களின் மாட்யூல் அமைப்பு முழுவதும் இந்த ஒரு தொல்லைக்குப் பயந்து பிறந்ததுதான். அழகாகவே இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருடைய கட்டுரைகள் இன்னும் எக்ஸ்எம்எல்லில் இல்லை. வெற்றுப் பக்கத்தின் முன் தனியாக உட்கார வைக்க எனக்கு மனமில்லை. பின்னாளில் கட்டுரைகளைக் குறியிட்டுத் தேடவும் தொகுக்கவும் விரும்பினால் மறுபடி பேசலாம். அன்று முதல் வேலையாக அந்த இரண்டு மாட்யூல்களையும் பிரித்துக் கொடுப்பேன்.