கெரிட் கோட் ரிவ்யூ: மைனஸ் ஒன் போடுவதற்குத் தைரியம் வேண்டுமா?

காருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு திரைக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. ஒருவர் எழுதிய கோடைச் சேர்ப்பதற்கு முன் மற்றவர்கள் படித்துப் பார்த்து (ரிவ்யூ) ஓட்டுப் போடும் கருவி கெரிட். ஆண்ட்ராய்டே அதில்தான் வளர்கிறது என்பதால் நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். பைத்தான் நிரலாக்க மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் எழுதிய ரீட்வெல்ட் என்ற கருவியிலிருந்து கிளைத்தது இது. குரோமியம், லிப்ரேஆபீஸ் போன்ற பெரிய திட்டங்களும் இதில்தான் ரிவ்யூ செய்கின்றன. இலவசம்தான், நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது சேஞ்ச்-ஐடி என்ற, மாற்றத்தின் அடையாள வரியில். கமிட் (பதிந்து வைத்த ஒரு மாற்றம்) செய்தியின் அடியில் அந்த வரி இல்லாவிட்டால், சர்வருக்கு அனுப்பும் புஷ் திரும்பி வந்துவிடும். அதைத் தானாகச் சேர்க்கும் ஹூக் என்ற சின்ன ஸ்கிரிப்டை எல்லார் கணினியிலும் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. அப்புறம் அதே வரிதான் பெரிய வசதி. எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும் அதே மாற்றத்தின் அடுத்த பேட்ச்செட்டாக (திருத்திய பதிப்பாக) வந்து சேரும். போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் பார்க்கலாம். ஒரு கமிட்டுக்கு ஒரு ரிவ்யூ என்பதால் வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து அனுப்பும் பழக்கமும் வந்துவிடுகிறது.

ஓட்டுகள் -2 முதல் +2 வரை. +2 என்றால் ஒப்புதல், -1 என்றால் இப்படியே சேர்க்க வேண்டாம் என்ற கருத்து, -2 என்றால் தடை. +1 என்றால் எனக்குச் சரி, இன்னொருவர் ஒப்புதல் தரட்டும் என்று பொருள். இரண்டு +1 சேர்ந்தால் +2 ஆகிவிடாது. வழக்கமான அமைப்பில், -2 போட்டவர் அதை எடுக்கும்வரை புதுப் பேட்ச்செட் வந்தாலும் தடை நீங்காது. விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் சீனியரின் கோடுக்கு -1 போட எந்த ஜூனியருக்குக் கை வரும்?

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் இடத்துக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, எரர் வந்தா இந்த லாக் விடுபடவே இல்லையே. மைனஸ் ஒன் போடலாமா? சார் தப்பா நினைச்சுக்குவாரா?" அவள் சொன்னது சரி. ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி போட்ட பூட்டுத்தான் லாக்; பாதியில் ரிட்டர்ன் ஆகும் இடத்தில் அதைத் திறக்கும் அன்லாக் இல்லை. காரில் ஓடினால் திரை உறைந்துபோயிருக்கும். "தாராளமா போடும்மா" என்றேன். சீனியர் அன்று மாலையே திருத்தி அனுப்பினார், நன்றி என்றும் எழுதினார்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் கெரிட் இல்லை. யார் எத்தனை -1 வாங்கினார்கள் என்ற கணக்கு அப்போது அப்ரைசல் (வேலை மதிப்பீட்டு) எக்செலில் ஏறிக்கொண்டிருந்தது. விளைவு, நண்பர்களுக்குள் போனில் சொல்லி வைத்து +1 வாங்கினார்கள். கமென்ட்டே வராமல் கோட் உள்ளே போனது. 1976-இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் கோட் இன்ஸ்பெக்ஷன் முறையை எழுதியபோதே, அதன் முடிவுகளை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று எச்சரித்திருந்தார். அவர் முறையில் கூட்டம் உண்டு, நடத்த மாடரேட்டர் உண்டு. கெரிட் கூட்டத்தை ஒழித்தது, கூடவே மாடரேட்டரும் போய்விட்டார். அந்த வேலையை டீம் லீட்தான் செய்தாக வேண்டும். நாங்கள் மேனேஜரிடம் பேசி அந்தக் கணக்கை நிறுத்த வைத்தோம். -1 போடுகிறவர் எந்த வரி, என்ன மாறினால் திருப்தி என்று எழுத வேண்டும் என்றும் முடிவு செய்தோம். ஆட்கள் மறுபடி வாயைத் திறந்தார்கள்.

ஸ்பேஸ், அடைப்புக்குறி போன்ற சில்லறை விஷயங்களை, தானாகச் சோதனை ஓட்டும் ஜென்கின்ஸிடம் விட்டுவிடுங்கள். வெரிஃபைட் என்ற சோதனை ஓட்டில் -1-ஐ மெஷின் போட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அட்டென்ஷன் செட். 2020-இல் 3.3 பதிப்போடு வந்தது. இப்போது யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு குறி காட்டிவிடும். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களோடு வேலை செய்யும்போது, "யாருகிட்ட நிக்குது?" என்று காலைக் கூட்டத்தில் கேட்க வேண்டியதில்லை.

நாலைந்து பேர் கொண்ட டீம் என்றால் கிட்லாப் என்ற இன்னொரு கருவியே போதும். கெரிட்டின் பெர்மிஷன் அமைப்பைக் கட்டி மேய்க்கவே ஒரு ஆள் வேண்டும். நிறைய ரெப்போக்கள் (கோட் களஞ்சியங்கள்), பல ஊர்களில் ஆட்கள், ஆண்ட்ராய்டு வேலை என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். ஐந்துக்கு நான்கு தருவேன்.