குப்பியா, பேனாவா: வார்டில் இன்சுலின் அளவு எங்கே தவறுகிறது?

அளவைத் திருகி வைத்து ஊசி போடும் இன்சுலின் பேனா வந்துவிட்டால் அளவில் தவறே நடக்காது என்று நம்புகிற வார்டுகள் உண்டு. அது பாதிதான் உண்மை.

குப்பியில் ஆபத்து சிரிஞ்சின் கோட்டில் இருக்கிறது. யு-100 இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், யு-40இல் 40. யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். மாறாக, யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் வெறும் 8. இதைவிடப் பயங்கரம், இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கவில்லை என்று சாதாரண சிரிஞ்சை எடுப்பது. யு-100இல் 10 யூனிட் என்றால் 0.1 மில்லி, அவசரத்தில் அது 1 மில்லி ஆகிவிட்டால் 100 யூனிட். உயிரே போகலாம். இன்சுலின் சிரிஞ்சு இல்லாவிட்டால் போடாதீர்கள், தேடி வாங்கி வந்து போடுங்கள்.

பேனாவில் இந்தக் கணக்கு கிடையாது. எண்ணைத் திருகி வைத்து அழுத்தினால் போதும். அளவெடுப்பதைப் பொறுத்தவரை நான் பேனா பக்கம்தான். ஆனால் 2 யூனிட் வெளியேற்றிப் பார்க்காமல் போட்டாலோ, அழுத்தியதும் ஊசியை உருவினாலோ மருந்து குறையும். ஊசியை மட்டும் மாற்றி ஒரே பேனாவை இரண்டு பேருக்குப் போடவே கூடாது. உள்ளே ஏறிய ரத்தத்தால் ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. பரவக்கூடும். யு-300 (ஒரு மில்லிக்கு 300 யூனிட்) பேனாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சவும் கூடாது: யு-100 சிரிஞ்சின் 20ஆம் கோட்டில் நிற்பது 60 யூனிட்.

சீட்டில் '10U' என்று கிறுக்கியிருந்தால், U பூஜ்யமாகத் தெரிந்து 100 ஆகும். அப்போது குப்பியும் ஒன்றுதான், பேனாவும் ஒன்றுதான். 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும்.

சரிபார்ப்பதிலும் இரண்டு வழி. பார்கோடு ஆள் மாறுவதையும் மருந்து மாறுவதையும் பிடிக்கும். சிரிஞ்சில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க இரண்டாவது நர்ஸ் வேண்டும். "பத்துதானே சிஸ்டர்?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். எண்ணைச் சொல்லாமல் சீட்டையும் சிரிஞ்சையும் கையில் கொடுங்கள், அவரே படித்துச் சொல்லட்டும்.

சாப்பாடு வந்ததா என்பதை இவற்றில் எதுவும் பார்க்காது. வேகமாக வேலை செய்யும் இன்சுலினைத் தட்டு வந்த பிறகு போடுங்கள். வாந்தியோ, ஸ்கேனுக்காக வெறும் வயிறோ என்றால் டாக்டரைக் கேளுங்கள். அதற்காக டைப் 1 சர்க்கரை நோயாளியின் நீண்டநேர இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.