எறும்பு பார்க்க ஒரு 10 மடங்கு லென்ஸ்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மடக்கு லென்ஸ்தான். மூன்று கண்ணாடி ஒட்டியது, 10 மடங்கு. பல வருடமாகச் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. கண்ணாடியில் கீறல் இல்லை. மடக்கும் இடத்துத் திருகு மட்டும் தளரும், அவ்வப்போது முறுக்கிக்கொள்ள வேண்டும்.

பிடிக்கும் விதம் முக்கியம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, எறும்பைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எறும்பு நிற்க வேண்டுமே என்றால், சின்னக் குப்பியில் போட்டு ஃப்ரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் அடங்கிவிடும். பார்த்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். (வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.)

லென்ஸின் அருமை தெரிவது கட்டெறும்பு வகையறாவில், அதாவது கேம்போனோட்டஸ் பேரினத்தில். நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படுபவை கம்ப்ரஸஸ், செரிசியஸ், பேரியஸ் என்ற மூன்று இனங்கள். அளவை வைத்துப் பிரிக்கவே முடியாது; கம்ப்ரஸஸின் ஒரே புற்றிலேயே பெருந்தலை வேலைக்காரியும் ஒல்லியான சின்னதும் சேர்ந்து திரியும். கம்ப்ரஸஸ் வயிற்றில் மினுமினுப்பு கிடையாது, மங்கிய கறுப்பு. மற்ற இரண்டுக்கும் வயிற்றில் அடர்ந்த பட்டு மயிர் உண்டு. குப்பியை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் ஜரிகை மாதிரி மின்னி, அடுத்த கோணத்தில் காணாமல் போகும். அழகுதான், ஆனால் அதை நம்பிப் பெயர் வைக்காதீர்கள். பக்கவாட்டில் முதுகை, அதாவது தலைக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதியைப் பாருங்கள். நடுவே ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் செரிசியஸ். உடைவில்லாமல் ஒரே வளைவாக இறங்கினால் பேரியஸ். செரிசியஸின் தலை பெரும்பாலும் சிவப்பாக இருப்பது கூடுதல் சாட்சி.

சின்ன எறும்புகளில் இந்த லென்ஸ் திணறுகிறது. கடிக்கும் நெருப்பெறும்பையும் (சொலனாப்சிஸ் ஜெமினேட்டா) ஃபீடோல் என்ற இன்னொரு சின்ன எறும்புப் பேரினத்தையும் பிரிக்க உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும்: முன்னதற்கு 10, நுனியில் இரண்டு தடித்திருக்கும், ஃபீடோல் வேலைக்காரிகளுக்குப் பெரும்பாலும் 12, நுனியில் மூன்று. உயிருள்ள எறும்பில் 10 மடங்கில் எண்ணுவது நடக்காத காரியம். நான் வேறு வழியில் போகிறேன்: இடுப்புக்குச் சற்று முன்னால், முதுகின் பின்சரிவில் ஒரு ஜோடி முள் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஃபீடோலில் வழக்கமாக இருக்கும், நெருப்பெறும்பில் இராது.

20 மடங்கும் வாங்கிப் பார்த்தேன். இடைவெளி பாதியாகக் குறைந்து, என் தலை நிழலே எறும்பின் மேல் விழுகிறது. இப்போது மேஜை இழுப்பறையில் தூங்குகிறது. போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் படம் எடுக்கப் பரவாயில்லை, ஆனால் ஓரங்கள் கலங்கிவிடும். லென்ஸிலேயே எல்இடி விளக்கு வைத்த மாடலும் கிடைக்கிறது. கறுப்பு எறும்புக்கு அது வேண்டாம். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் முதுகின் பள்ளம் தட்டையாகத் தெரியும். ஜன்னலோரம் பக்கவாட்டில் வரும் வெயிலே போதும்.